பருவத்தின் கடைசிப் பந்தயம்

உழவுக்குப் பருவம் இருப்பது போல ஓட்டப் பந்தயத்திற்கும் பருவம் உண்டு. ஐரோப்பிய நாடுகளில் அது மே மாதத்தில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. ஒலிம்பிக் விளையாட்டுகளோ உலகப் போட்டிகளோ நடைபெறும் ஆண்டுகளில், பெரும்பாலும் ஆகஸ்டு மாதம் முடிவதற்குள்ளேயே பதக்கங்கள் வழங்கப்பட்டு, கொடிகளும் இறக்கப்பட்டு விடுகின்றன. ஆயினும், ஓட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு அதனோடு வேலை முடிந்து விடுவதில்லை. பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸிலும், ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரிலும் இன்னும் பந்தயங்கள் காத்திருக்கின்றன; இத்தாலியில் மலையடிவாரத்தில் அமைந்த ரியெட்டி என்ற சிற்றூரிலும் முன்பு அவ்வாறே பந்தயங்கள் நடந்து வந்தன.

நான்கு மாத காலம் ஊர் ஊராகப் பயணம் செய்து, உடல் தேய்ந்து, உள்ளமும் அலுத்துப் போயிருக்கும் வேளையில் அந்தப் பந்தயங்களில் ஒருவனை ஓடத் தூண்டுவது யாது? பணமா, போட்டியாளனா, அல்லது தன்மானமா? இக்கேள்விக்கு விடை காண நாம் மூன்று காலகட்டங்களைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

முதலாவது காலகட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து. அந்நாளில் ஓட்டக்காரர்கள் இரு சாதியாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். பணம் பெறாமல் ஓடியவர்கள் அமெச்சூர்கள். பந்தயப் பணத்திற்காக ஓடியவர்கள் தொழில்முறைக்காரர்கள். ஒரு சாதியார் மற்றொரு சாதியாருடன் ஓடலாகாது என்பது சங்கத்தின் விதி. அமெச்சூர் என்ற சொல்லின் மூலப்பொருள் 'நேசிப்பவன்' என்பதாகும். நேசிப்பவன் பணம் கேட்க மாட்டான், பணம் கேட்பவனிடம் நேசம் இராது என்ற எண்ணம் அச்சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதைச் சரித்திரமே சோதித்துப் பார்த்தது எனலாம்.

அமெச்சூர்களில் தலைசிறந்தவர் வால்டர் ஜார்ஜ். 1884ஆம் ஆண்டில் அவர் ஒரு மைல் தூரத்தை 4 நிமிடம் 18.4 வினாடியில் ஓடினார். தொழில்முறைக்காரர்களில் தலைசிறந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கம்மிங்ஸ். அவர் 1881ஆம் ஆண்டிலேயே அதே தூரத்தை 4 நிமிடம் 16.2 வினாடியில் ஓடியிருந்தார். இவ்விருவருள் வல்லவர் யார் என்று அறிய மக்கள் துடித்தனர், ஜார்ஜும் துடித்தார். விதி குறுக்கே நின்றது. கடைசியில், 1885இல் அவர் தம் அமெச்சூர் தகுதியை விட்டொழித்துத் தொழில்முறைக்காரரானார்.

அவ்வாண்டு இருவரும் மூன்று தூரங்களில் மோதினர். ஆகஸ்டு மாத இறுதியில் லண்டனில் லில்லி பிரிட்ஜ் மைதானத்தில் நடந்த ஒரு மைல் பந்தயத்தில் ஜார்ஜ் வென்றார். அதன் பின்னர் நடந்த நான்கு மைல் பந்தயத்திலும் பத்து மைல் பந்தயத்திலும் கம்மிங்ஸ் வென்றார். செப்டம்பர் 28ஆம் நாள் நடந்த பத்து மைல் ஓட்டத்தை அவர் 51 நிமிடம் 6.6 வினாடியில் முடித்தார். அதுவரை உலகில் யாரும் அத்தூரத்தை அவ்வளவு விரைவாகக் கடந்ததில்லை. பருவத்தின் கடைசிப் பந்தயம் என்றால் களைத்தவர்களின் பந்தயம் என்று கருதுவோர் இதனை நினைவில் வைத்தல் நலம்.

மறு ஆண்டு, 1886 ஆகஸ்டு 23ஆம் நாள், அதே லில்லி பிரிட்ஜ் மைதானத்தில் ஒரு மைல் தூரத்தில் மீண்டும் சந்தித்தனர். இறுதிச் சுற்றில் கம்மிங்ஸ் முந்தினார். ஜார்ஜ் விடாமல் தொடர்ந்து சென்று அவரைக் கடந்தார். எல்லையை எட்டுவதற்கு முன்னரே கம்மிங்ஸ் நினைவிழந்து வீழ்ந்தார். ஜார்ஜின் நேரம் 4 நிமிடம் 12¾ வினாடி. 1915ஆம் ஆண்டு வரை எவராலும் அந்த நேரத்தை வெல்ல முடியவில்லை. பந்தயப் பணம் இல்லாவிடில் இருவரும் ஒரே கோட்டில் வந்து நின்றிருக்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால், நினைவு தப்பும் வரையில் ஒரு மனிதன் ஓடியதற்குப் பணம் ஒன்றையே காரணமாகச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது காலகட்டம் இரண்டாம் உலகப் போரின் காலம். ஐரோப்பா முழுவதும் தீப்பற்றி எரிந்தபோது நடுநிலை நாடாகிய ஸ்வீடனில் மைதானங்கள் திறந்தே இருந்தன. 1940ஆம் ஆண்டின் ஒலிம்பிக்கும் 1944ஆம் ஆண்டின் ஒலிம்பிக்கும் நடைபெறவில்லை. எனவே அந்நாளைய ஓட்டக்காரனுக்கு எதிர்நோக்கப் பதக்கம் ஏதும் இல்லை. அவனுக்கு மிஞ்சியவை கடிகாரமும், பக்கத்தில் ஓடும் போட்டியாளனும், மைதானத்தில் நிறைந்த மக்களுமே ஆவர்.

அச்சூழ்நிலையில் தோன்றிய இருவர் குந்தர் ஹேக், ஆர்னே ஆண்டர்சன் என்போர். ஹேக் காட்டு வேலை செய்து பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். பின்னர் காவ்லே நகரில் தீயணைப்புப் படையில் பணியாற்றினார். ஆண்டர்சன் பள்ளி ஆசிரியர். சட்டப்படி இருவரும் அமெச்சூர்களே. ஆனால் அவர்களுடைய பெயர்கள் விளம்பரத் தாளில் இடம் பெற்றால் மைதானம் நிரம்பும். மைதானம் நிரம்பினால் சங்கத்தின் பெட்டி நிரம்பும். ஓட்டக்காரரின் கையிலும் 'பயணச் செலவு' என்ற பெயரில் ஏதோ ஒரு தொகை வைக்கப்படுவது வழக்கமாயிற்று. அவ்வாறு அளவுக்கு மீறிப் பெற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, ஹேக் 1942 ஜூன் இறுதி வரை ஓடத் தடை விதிக்கப்பட்டார்.

தடை நீங்கிய உடனேயே, ஜூலை முதல் நாள், அவர் கோதன்பர்க் நகரில் ஒரு மைல் தூரத்தை 4 நிமிடம் 6.2 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அன்று தொடங்கிச் செப்டம்பர் 20ஆம் நாள் வரையில், 82 நாட்களுக்குள் ஏழு வெவ்வேறு தூரங்களில் பத்து உலக சாதனைகளை அவர் நிகழ்த்தினார். இவற்றைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. ஜூலை மாதத்தில் நிகழ்ந்தவை நான்கு. எஞ்சிய ஆறும் ஆகஸ்டு 23ஆம் நாளுக்கும் செப்டம்பர் 20ஆம் நாளுக்கும் இடையே, அதாவது பருவத்தின் பின்பகுதியில் நிகழ்ந்தவை. செப்டம்பர் 4ஆம் நாள் மைல் சாதனையை 4 நிமிடம் 4.6 வினாடியாகக் குறைத்தார். பருவம் முடியும் தறுவாயில், செப்டம்பர் 20ஆம் நாள், 5,000 மீட்டர் தூரத்தை 13 நிமிடம் 58.2 வினாடியில் ஓடினார். 14 நிமிடத்திற்குள் அத்தூரத்தைக் கடந்த முதல் மனிதர் அவரே. அந்தச் சாதனை, 1954 மே மாதத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாட்டோபெக் ஒரே ஒரு வினாடியால் முறியடிக்கும் வரை நிலைத்து நின்றது.

பின்பருவத்தில் ஒருவன் மங்குவதற்குப் பதிலாக எவ்வாறு ஒளி பெறுகிறான்? உடற்கூறு வகையில் இதற்கு விடை உண்டு. குளிர்காலம் முழுவதும் நெடுந்தூரம் ஓடி இதயத்தையும் நுரையீரலையும் வலுப்படுத்துகிறார்கள். வேனிலில் வேகத்தைக் கூட்டுகிறார்கள். கோடையில் பந்தயங்களே பயிற்சியாகி விடுகின்றன. இவை மூன்றும் ஒன்று சேர்ந்து பழுக்கும் நேரம் பருவத்தின் பின்பகுதியாக அமையலாம். பழுத்த கனியை ஒரு வாரம் கூடுதலாக மரத்தில் விட்டால் அழுகி விடும் என்பதும் உண்மையே. தசைநார் தேய்வதும், உறக்கம் குறைவதும், ஓட்டத்தின் மீதே சலிப்புத் தோன்றுவதும் இப்பருவத்தில்தான். அந்தக் குறுகிய இடைவெளியைக் கணித்து அறிவதே பயிற்சியாளரின் கலை.

தடையிலிருந்து மீண்ட ஹேக்குக்கு இன்னொரு நன்மையும் இருந்தது. மற்றவர்கள் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் செலவழித்த ஊக்கத்தை அவர் சேமித்து வைத்திருந்தார். அன்றியும், பத்து நாட்களுக்குள்ளேயே அவருடைய மைல் சாதனையை வினாடி பிசகாமல் சமன் செய்த ஆண்டர்சன் பக்கத்தில் இருந்தார். 1943இல் ஹேக் போர் சூழ்ந்த கடலைக் கப்பலில் கடந்து அமெரிக்கா சென்றிருந்தபோது, ஆண்டர்சன் மைல் சாதனையை 4 நிமிடம் 2.6 வினாடியாகக் குறைத்தார். மறு ஆண்டு 4 நிமிடம் 1.6 வினாடியாக்கினார். 1945 ஜூலையில் ஹேக் 4 நிமிடம் 1.4 வினாடியில் ஓடிச் சாதனையை மீட்டார். ஒருவர் இல்லாவிடில் மற்றவர் இவ்வளவு தூரம் சென்றிருக்க முடியாது.

ஆனால், இந்தக் கதையின் முடிவு இனிமையானதன்று. 1946ஆம் ஆண்டில், பணம் பெற்ற குற்றத்திற்காக ஹேக், ஆண்டர்சன் இருவரும் ஆயுள் முழுவதும் போட்டியிலிருந்து விலக்கப்பட்டனர். அப்போது ஹேக்குக்கு வயது 27, ஆண்டர்சனுக்கு 28. ஒரு மைலை நான்கு நிமிடத்திற்குள் ஓடுவதற்கு ஹேக்கிடம் எஞ்சியிருந்தது ஒன்றரை வினாடிக்கும் குறைவான இடைவெளியே. அந்த இடைவெளியை 1954 மே 6ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் ரோஜர் பானிஸ்டர் கடந்தார். மைதானத்தை நிரப்பியவர்கள் தண்டிக்கப்பட்டனர். நுழைவுச் சீட்டுப் பணமோ சங்கங்களிடமே தங்கியது. உழைப்பின் பயனை உழைப்பவன் பெறுவது குற்றம் என்று ஒரு விதி கூறுமாயின், குற்றம் உழைப்பவனிடத்தில் உள்ளதா, விதியினிடத்தில் உள்ளதா என்று நாம் கேட்க வேண்டியவர்களாகிறோம்.

மூன்றாவது காலகட்டம் விதி தளர்ந்த காலம். 1982இல் ஓட்டக்காரரின் வருவாயை அறக்கட்டளை நிதியாகச் சேர்த்து வைக்க உலகச் சங்கம் இசைந்தது. 2001இல் அச்சங்கம் தன் பெயரிலிருந்தே அமெச்சூர் என்ற சொல்லை நீக்கி விட்டது. மாறுதல் நிகழ்ந்து கொண்டிருந்த அவ்வேளையில், பிரிட்டனின் செபாஸ்டியன் கோ, ஸ்டீவ் ஓவெட் இருவரும் 1981 ஆகஸ்டு 19 முதல் 28 வரையிலான பத்து நாட்களில் மைல் சாதனையை மூன்று முறை மாற்றி எழுதினர். இத்தனைக்கும் அம்மூன்று பந்தயங்களில் ஒன்றிலேனும் இருவரும் சேர்ந்து ஓடவில்லை. ஜூரிச்சில் ஒருவர், கோப்ளென்ஸில் மற்றவர், பிரஸ்ஸல்ஸில் மீண்டும் முதலாமவர் என்று, கண்ணுக்குத் தெரியாத போட்டியாளனைத் துரத்தியே ஓடினர்.

ஓவெட்டின் 1983ஆம் ஆண்டு நமக்கு இன்னும் தெளிவான பாடம். ஹெல்சிங்கி நகரில் நடந்த முதல் உலகப் போட்டியில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் அவருக்கு நான்காம் இடமே கிட்டியது. ஆகஸ்டு 28ஆம் நாள் சிட்னி மேரி என்பவர் ஓவெட்டின் உலக சாதனையையும் பறித்துக் கொண்டார். பதக்கமும் இல்லை, சாதனையும் இல்லை என்ற நிலையில், ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 4ஆம் நாள் ரியெட்டியில் அவர் 3 நிமிடம் 30.77 வினாடியில் ஓடிச் சாதனையை மீட்டார். அன்று அவரைத் தூண்டியது தோல்வியின் கசப்பே என்று கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது.

இத்தகைய பந்தயங்களின் அமைப்பும் வேகத்திற்குத் துணை செய்கிறது. உலகப் போட்டியில் முதற்சுற்று, அரையிறுதி என்று ஓடிக் களைத்த பின்னரே இறுதி ஓட்டம். அங்கே வெற்றி ஒன்றே குறிக்கோளாதலால் ஒருவரை ஒருவர் பார்த்து மெதுவாக ஓடுவதும் உண்டு. பருவ இறுதிப் பந்தயங்களிலோ ஒரே ஓட்டம்; முதற் சில சுற்றுக்களுக்கு வேகம் வகுத்துக் கொடுக்கவே கூலி பெற்று ஓடும் முன்னோடி ஒருவரும் இருப்பார். அல்ஜீரியாவின் நூருத்தீன் மொர்செலி உலகப் பட்டம் வென்ற சில நாட்களுக்குள், 1993 செப்டம்பர் 5ஆம் நாள் ரியெட்டியில் மைல் சாதனையை ஏறத்தாழ இரண்டு வினாடி குறைத்தது இவ்வாறே.

1998இல் தங்கத் தொடர் என்ற போட்டி வரிசை தொடங்கியது. பருவம் முழுவதும் தோல்வியே காணாதவருக்குப் பத்து லட்சம் டாலர் என்ற பெரும் பரிசு அறிவிக்கப்பட்டது. பணத்தின் வலிமையைச் சோதிக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. கடைசிப் பந்தயத்தில் தோற்றால் முன்பு பெற்ற வெற்றிகள் பயனற்றுப் போகும். 2003இல் மொசாம்பிக் நாட்டின் மரியா முட்டோலா பாரிஸ் உலகப் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வென்று, அதன் பின் செப்டம்பர் 5ஆம் நாள் பிரஸ்ஸல்ஸில் களமிறங்கி, அங்கும் வென்று, அப்பரிசு முழுவதையும் தனி ஒருவராகப் பெற்ற முதல் வீராங்கனையானார். 2010 முதல் அத்தொடரின் இடத்தில் வைரத் தொடர் நடைபெற்று வருகிறது. 2024இல் நம் நாட்டின் அவினாஷ் சாப்லே, பாரிஸ் ஒலிம்பிக்கில் தடை தாண்டும் 3,000 மீட்டர் ஓட்டத்தில் பதினொன்றாம் இடம் பெற்ற பின், செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் அத்தொடரின் இறுதிப் பந்தயத்திலும் ஓடி ஒன்பதாம் இடம் பெற்றார். பெரிய வெற்றியின்றியும் பருவத்தை முழுமையாக ஓடி முடித்தவர்களின் வரிசையில் அவருக்கும் இடம் உண்டு.

மூன்று காலகட்டங்களையும் சேர்த்து நோக்கினால் நமக்கு ஒன்று தெளிவாகிறது. ஓட்டக்காரனைப் பருவத்தின் கடைசிக் கோடு வரை அழைத்து வருவது பெரும்பாலும் பணமே. அதில் இழிவு ஏதும் இல்லை. அவன் குடும்பமும் உண்ண வேண்டும், அவன் கால்களும் சில ஆண்டுகளே உழைக்கும். ஆனால் கடைசிச் சுற்றின் மணி ஒலித்த பிறகு அவன் பரிசுத் தொகையை எண்ணிக் கொண்டிருப்பதில்லை. முன்னால் ஓடுபவனின் முதுகும், தான் இழந்த ஒன்றின் நினைவும், இன்னும் சிறிது முடியும் என்ற நம்பிக்கையுமே அப்போது அவனுக்குத் துணை. பணம் பெறுபவனிடம் நேசம் இராது என்று கருதிய அந்தப் பழைய விதி, கம்மிங்ஸ் வீழ்ந்த இடத்திலேயே பொய்த்துப் போயிற்று. அதனை ஒப்புக் கொள்ள உலகத்திற்கு மேலும் ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அதற்குரிய விலையை ஹேக்கும் ஆண்டர்சனும் தம் மிகச் சிறந்த வயதில் செலுத்தினர்.