ஒரு செயின் அட்ஜஸ்டரின் கதை

போன பொங்கல் லீவுக்கு காவாந்தண்டலம் போனப்போ, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபிக்ஸட் கியர் சைக்கிளையும் கொண்டு போயிருந்தேன். செய்யாற்றுப் பக்கம் இறங்கும்போது வேகத்தைக் குறைக்கலாம்னு பெடலைப் பின்னால் அழுத்தினேன். செயின் கழன்றுவிட்டது. முன் பிரேக் ஒன்று மாட்டியிருந்ததால் தப்பித்தேன்.

ஃபிக்ஸட் கியரில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். வேகத்தைக் குறைப்பதும் அதே செயின் வழியாகத்தான். அது லூஸாக இருந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஊர் சைக்கிள் கடைப் பெரியவர் வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தார். "என்ன தம்பி, இதுல அட்ஜஸ்டரே இல்லியே?" என்றார்.

இந்தப் பிரச்சினை செயின் சைக்கிள் அளவுக்கே பழசு. அதற்கு முந்தைய பெரிய சக்கர சைக்கிளில் பெடல் நேராக முன் சக்கரத்தில் இருந்தது, செயினே இல்லை. 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் புஷ் ரோலர் செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர், பின் சக்கரத்தைச் செயினால் ஓட்டியது. ஃப்ரீவீல் பரவலானது 1900-ஐ ஒட்டித்தான். அதுவரை ஓடியவை பெரும்பாலும் ஃபிக்ஸட் கியர்தான்!

செயின் நீளும் என்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை, பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. கண்ணிக்கு 0.1 மி.மீ. தேய்ந்தாலே 100 கண்ணிக்கு 10 மி.மீ. ஆகிவிடும். அதைச் சரிக்கட்ட ஆக்ஸிலைச் சுமார் 5 மி.மீ. பின்னால் தள்ள வேண்டும்.

கியர் சைக்கிளில் இந்தத் தொய்வை டீரெயிலரின் ஸ்ப்ரிங் கை இழுத்துக்கொள்ளும். அதையே இதில் மாட்டினால் என்ன? மாட்ட முடியாது. முன்னால் மிதிக்கும்போது மேல் செயின் விறைக்கும்; பின்னால் அழுத்தும்போது கீழ்ச் செயின் விறைக்கும். அந்த இழுப்பில் ஸ்ப்ரிங் கை உடைந்துபோகும். ஆகவே ஆக்ஸிலையே பிடித்து இழுப்பதுதான் வழி.

ட்ராக் ஃப்ரேமில் ஆக்ஸில் உட்காரும் பிளவு பின்பக்கம் திறந்திருக்கும். அட்ஜஸ்டரின் வளையம் ஆக்ஸிலில் கோத்திருக்கும். அதன் மெல்லிய போல்ட் பின்னால் நீளும். பிளவின் வாயில் ஒரு மூடி. நட்டை முறுக்கினால் ஆக்ஸில் பின்னால் வரும். வலப்பக்கம் இது மிகவும் முக்கியம். அழுத்தி மிதிக்கும்போது செயின் ஆக்ஸிலின் வலது முனையை முன்னால் இழுக்கும், சக்கரம் கோணிக்கொண்டு இடது ஃப்ரேம் குழாயில் உரசும்.

பெரியவர் பெட்டியிலிருந்து பழைய அட்ஜஸ்டர் ஜோடி ஒன்றை எடுத்தார். வளையம் என் 10 மி.மீ. ஆக்ஸிலில் ஏறவில்லை. அரத்தால் தேய்த்து ஏற்றினார். பிறகு பெடலை மெதுவாகச் சுற்றி, செயின் எங்கே அதிகமாக விறைக்கிறது என்று தேடினார். பல்சக்கரம் எதுவும் துல்லிய வட்டம் இல்லையாம். அந்த இடத்திலும் செயின் கொஞ்சம் ஆட வேண்டும். ரொம்ப இறுக்கினால் பேரிங் போய்விடும். இரண்டு பக்கமும் கால் சுற்று கால் சுற்றாக முறுக்கி, கடைசியில் ஆக்ஸில் நட்டை இறுக்கினார்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் பழைய ஹெர்குலிஸைப் பார்த்தேன். முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-இல் ஆரம்பித்த டிஐ சைக்கிள்ஸ், அம்பத்தூரில் செய்த வண்டி. துருவுக்கு நடுவில், பின் ஆக்ஸிலில் அதே வளையம், அதே போல்ட். இத்தனை வருஷமாக அந்த வண்டியைத் துடைத்திருக்கிறேன், கவனித்ததே இல்லை.

உங்க வீட்டிலும் பழைய சைக்கிள் இருந்தா, பின் ஆக்ஸிலைக் கொஞ்சம் பாருங்க.