வீட்டுக் கதவும் வேந்தன் ஆணையும்

1762-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11-ஆம் நாள். இலண்டனை அடுத்த ஸ்டெப்னியில், ஜான் என்டிக் என்பாரின் இல்லத்துள் நுழைந்தனர் நால்வர். பூட்டுகள் உடைந்தன, பெட்டிகள் திறந்தன, அறைகள் அனைத்தும் அலங்கோலமாயின. நான்கு மணி நேரம்! பிறகு வெளியேறினர், கட்டுக் கட்டாகக் காகிதங்களைச் சுமந்துகொண்டு. கொள்ளையரா? கொள்ளையராயின் காவலரைக் கூவி அழைக்கலாம். வந்தவர்களோ மன்னரின் சேவகர்கள், கையிலே ஆணை, ஆணையிலே அமைச்சர் ஹாலிபாக்ஸ் பிரபுவின் கையொப்பம். யாரிடம் முறையிடுவது?

என்டிக் செய்த குற்றந்தான் என்ன? பள்ளி ஆசிரியர் அவர், நூலாசிரியர். ஆட்சியைச் சாடிய 'மானிட்டர்' ஏட்டில் எழுதுகிறார் என்பதே அவர்மீது அரசு கொண்ட சினம். செங்கோல் ஏந்திய கை, எழுதுகோல் ஏந்திய கையைக் கண்டு அஞ்சிற்று!

அச்சம் அத்துடன் அடங்கவில்லை. 1763 ஏப்ரலில், 'நார்த் பிரிட்டன்' ஏட்டின் 45-ஆம் இதழ், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பாராளுமன்ற உரையைக் கடுமையாகக் கண்டித்தது. அதன் பின்னே இருந்தவர் பாராளுமன்ற உறுப்பினர் ஜான் வில்க்ஸ். ஆனால் இதழிலே ஆசிரியர் பெயர் இல்லை. அதனாலென்ன? எழுதியவர், அச்சிட்டவர், வெளியிட்டவர் எவராயினும் பிடித்து வருக, காகிதங்களைக் கைப்பற்றுக என்றொரு ஆணை பிறந்தது. பெயரே இல்லாத பிடியாணை! வெற்றிடத்தை நிரப்பிக்கொள்ளும் வேலை சேவகனுக்கு. எவனையும் பிடிக்கலாம், எவன் வீட்டிலும் புகலாம். 49 பேர் பிடிபட்டனர்.

அவர்களுள் ஒருவன் கூலிக்கு உழைத்த அச்சுத் தொழிலாளி ஹக்கிள். வாரக் கூலி ஒரு கினி. ஐயத்தின்பேரில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் அடைத்து வைத்தனர். அடிக்கவில்லை; வதைக்கவில்லை. மாட்டிறைச்சியும் மதுவும் கொடுத்து, மரியாதையாகவே நடத்தினர். வேறொருவனாயின் விட்டது தொல்லை என்று வீடு போயிருப்பான். ஹக்கிள் வழக்கு மன்றம் போனான்!

"இவனுக்கு என்ன இழப்பு? சில நாழிகைக் கூலிதானே?" என்று வாதாடிற்று அரசு தரப்பு. ஜூரிகள் விதித்த நட்டஈடோ 300 பவுண்டு! ஐந்தரை ஆண்டுக் கூலிக்கு நிகரான தொகை. அளவுக்கு மிஞ்சியது, மறுவிசாரணை நடத்துக என்று வேண்டினர். தலைமை நீதிபதி சார்லஸ் பிராட் மறுத்துவிட்டார். பறிபோனது சில நாழிகைக் கூலியாயின் சில ஷில்லிங்குகள் போதும். பறிபோனது குடிமகனின் உரிமை. அதனைக் கூலிக் கணக்கால் அளக்க முடியுமா? வயிற்றுக்கு விருந்திட்டால், வாயிலைப் பூட்டியது நியாயமாகிவிடுமா?

வில்க்சுக்கு 1,000 பவுண்டு கிடைத்தது. என்டிக்கும் வழக்குத் தொடுத்தார். 1765-இல் அவ்வழக்கில் தீர்ப்பு வழங்கியவரும் அதே பிராட்தான். அப்போது காம்டன் பிரபு ஆகியிருந்தார். "இது நெடுநாளைய வழக்கம், எவரும் எதிர்த்ததில்லை, அரசு நிலைக்க இது தேவை" என்றது அரசு தரப்பு. காம்டனின் விடை, எளிமையிலே வலிமை கொண்டது: இந்த அதிகாரத்தைத் தரும் சட்டம் இருக்குமானால், சட்ட ஏடுகளில் காட்டுக. காட்ட இயலவில்லையேல், அது சட்டமன்று. நெடுநாள் நடந்த தவறு, நெடுநாள் நடந்ததாலேயே நேர்மையாகிவிடாது. அரசின் தேவை என்பது வேறு, சட்டம் என்பது வேறு.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! உரிமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று குடிமகன் காட்ட வேண்டியதில்லை. அதிகாரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று அரசுதான் காட்ட வேண்டும்! 1766-இல் மக்கள் சபையும் இத்தகைய பொதுப் பிடியாணைகளைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

ஆயினும், அந்தத் தீர்ப்பு வெளிவந்த அதே 1765-இல்தான் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் வரி தண்டும் உரிமையைப் பெற்றது. தன் வீட்டுக் கதவுக்குக் காவல் தேடிய நாடு, நம் வீட்டுக் கதவை உடைக்க நாணவில்லை. விசாரணையின்றி மக்களைச் சிறையிட 1919-இல் ரௌலட் சட்டத்தைத் தந்ததும் அதே நாடுதான்!

1950-இல் நமக்கென அரசியல் சட்டம் வந்தது. பிடிபட்டவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும். விரும்பும் வழக்கறிஞரை அவன் கலந்துகொள்ளலாம். பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதிபதிமுன் நிறுத்த வேண்டும் என்கிறது 22-ஆம் விதி. அதே விதி தடுப்புக் காவலுக்கும் இடம் தருகிறது. முன்வாயிலைப் பூட்டிப் பின்வாயிலைத் திறந்து வைத்த கதை! அந்தரங்க உரிமை அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அறுதியிட்டு உரைத்ததோ 2017-இல்தான். அதற்குமுன், சோதனை பற்றிய 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வேறுவிதமாகக் கூறியிருந்தது.

ஏட்டிலே உரிமை இருக்கிறது. ஆனால் ஹக்கிள் வீட்டோடு இருந்திருந்தால், இங்கிலாந்தின் ஏட்டிலிருந்த உரிமையும் உறங்கித்தான் கிடந்திருக்கும். அதை எழுப்பியது மன்னன் கருணையன்று. ஒரு கூலித் தொழிலாளியின் துணிவு. இளைஞர்களே! 'அரசுக் காரியம்' என்று கூறிக்கொண்டு கதவைத் தட்டுவோரிடம், அஞ்சாமல், அமைதியாக, ஒரே ஒரு கேள்வி கேட்கப் பழகுங்கள்: "எந்தச் சட்டம்? காட்டுங்கள்!"