பசிப்பிணியும் பள்ளிச் சோறும்

பசியைப் பிணியென்றே கண்டது தமிழ் மரபு. அப்பிணி தீர்க்கும் அமுதசுரபியை மணிமேகலையின் கையில் வைத்தார் சாத்தனார். காப்பியத்தில் அப்பாத்திரம் தெய்வத்தன்மையால் நிறைந்தது. வரலாற்றிலோ அதனை நிரப்ப மனிதர்கள் போராட வேண்டியிருந்தது. அவ்வரலாற்றில் புதுச்சேரிக்கும் இடமுண்டு.

புதுச்சேரி நகரின் வடபால் உள்ள முத்தியால்பேட்டை தறியொலியோடு வளர்ந்த நெசவாளர் பேட்டை. நெசவு குடும்பத் தொழில். நூல் சுற்றுவதும் தார் சுற்றுவதும் சிறுவர் கைக்கு வந்து சேரும் வேலைகள். அத்தகைய இல்லங்களில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது ஓர் உழைப்பாளியை இழப்பதற்கு ஒப்பாகும். பள்ளியில் ஒரு வேளை உணவு கிடைக்குமாயின் அவ்விழப்பு ஓரளவேனும் ஈடாகும்.

இவ்வுண்மையை உணர்ந்தவர் நெசவுத் தொழிலில் ஈடுபாடு கொண்டிருந்த பிட்டி தியாகராயர். அவர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, 1920ஆம் ஆண்டு ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்க்கு உணவளிக்க முடிவு செய்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது. ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவு செய்தல் ஆகாது என அரசு மறுத்தமையால் 1925இல் அது நின்றது.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் 1930ஆம் ஆண்டு பள்ளிகளில் மதிய உணவு தொடங்கப்பெற்றது. பாவேந்தர் பாரதிதாசன் பிரெஞ்சு அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய காலம் அது. ஆனால் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் ஒரு வேளைச் சோறு, பெற்றோரின் குறைந்த கூலிக்கு மாற்றாகாது. எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளைக் கோரிப் போராடிய ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் 1936 சூலை 30ஆம் நாள் இந்நகரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். எட்டு மணி நேர வேலை 1937இல் சட்டமாயிற்று. கூலியும் ஓய்வும் இல்லாத வீட்டில் ஊட்டமும் இராது என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடம்.

தமிழ்நாட்டில் காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைப் பரவலாக்கினார். எம்.ஜி.ஆர். 1982இல் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. பெயர் மாறியதிலும் பொருளுண்டு. சோறு வயிற்றை நிரப்பும்; புரதம் உடலை வளர்க்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் சோகை வரும். சோகை கொண்ட பிள்ளையின் கருத்துப் பாடத்தில் நில்லாது. பசியாற்றுதல் ஒன்று, ஊட்டமளித்தல் மற்றொன்று என்பதை நாடு படிப்படியாகவே கற்றது.

அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டுமென 2001 நவம்பர் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இந்தியா முழுமைக்கும் ஆணையிட்டது. கொடையாகத் தொடங்கியது உரிமையாக நிலைபெற்றது. 2022இல் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது.

இதில் சமுதாயப் பயன் வேறொன்றும் உண்டு. எந்தக் குலத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே உலைச் சோற்றை உண்கின்றது. சில ஊர்களில் சமைப்பவரின் சாதியைச் சொல்லி அவ்வுணவை மறுத்தவர்களும் உண்டு. அம்மறுப்பே அப்பந்தியின் தேவையை உணர்த்தும். 1925இல் நிதிக் கணக்கைக் காட்டி ஒருமுறை நிறுத்தப்பட்ட சோறு அது. அதனை மீண்டும் எவரும் செலவென்று எண்ணாதிருக்கக் காப்பது கற்றோர் கடமையாகும்.