வெந்நீரில் பிறக்கும் ஈறு

பல்செட்டில் ஈறுபோலத் தெரிகிற இளஞ்சிவப்புத் தகடு, தொடக்கத்தில் தண்ணீராய்த் தெளிந்த, நெடியடிக்கும் ஒரு திரவம். மீதைல் மெத்தாக்ரிலேட் என்று பெயர். அசிட்டோன், ஹைட்ரஜன் சயனைடு, கந்தக அமிலம், மெத்தனால் கொண்டு தயாரிப்பது இதன் பழைய முறை. நம் நாட்டில் வடோதராவின் குஜராத் மாநில உர நிறுவனம் தயாரிக்கிறது. இதன் மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியானால், அதுதான் அக்ரிலிக்.

அதற்கு முன்பு பல்செட்டின் தளமாக இருந்தது வல்கனைட் என்ற கடின ரப்பர். 1937 வாக்கில் அக்ரிலிக் வந்தது. பத்தே ஆண்டுகளில் ரப்பரை ஓரங்கட்டியது. ஈறின் நிறம் அதில் வந்தது, உடைந்தால் ஒட்டவும் முடிந்தது. 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி மனிதக் கண்ணுக்குள் வைத்த முதல் செயற்கை வில்லையும் இதே பொருள்தான்.

சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது அரசு பல் மருத்துவக் கல்லூரி. அங்கே பல்செட்டுக்கு முதலில் வாயில் அளவெடுத்து, மெழுகில் பல் அடுக்கிப் பார்ப்பார்கள். பிறகு பிளாஸ்க் என்ற அச்சுப் பெட்டியில் பிளாஸ்டருக்குள் புதைத்து மெழுகை உருக்கி எடுப்பார்கள். அந்த வெற்றிடத்துக்குள் போகிறது அக்ரிலிக்.

அக்ரிலிக் பவுடர் மூன்று பங்கு, முதலில் சொன்ன திரவம், அதாவது லிக்விட், ஒரு பங்கு. கலந்ததும் ஈரமணல் மாதிரி இருக்கும். சற்று நேரத்தில், வெல்லப்பாகு போலக் கம்பிப் பதம். பிறகு கையிலும் கிண்ணத்திலும் ஒட்டாத மாவுப் பதம். அடைக்க வேண்டியது அப்போதுதான். தாமதித்தால் ரப்பராகி, அச்சின் மூலைக்குள் பாயாது.

அடுத்தது வெந்நீர்த் தொட்டி. பவுடரில் உள்ள பென்சாயில் பெராக்சைடு 60 டிகிரிக்கு மேல் உடைந்து சங்கிலியைத் தொடங்கி வைக்கும். அந்த வினையே வெப்பத்தையும் கிளப்பும். லிக்விடின் கொதிநிலையோ ஏறத்தாழ 100 டிகிரி. அவசரப்பட்டுக் கொதிநீரில் போட்டால் தடித்த இடங்களில் லிக்விட் கொதித்து, தகட்டுக்குள் குமிழிகள் தங்கிவிடும். அதனால் 74 டிகிரியில் இரண்டு மணி நேரம், பிறகு 100 டிகிரியில் ஒரு மணி நேரம்; அதன்பின் மெல்ல ஆறவிட வேண்டும். வினையில் சேராமல் மிஞ்சிய லிக்விட் சிலருக்கு வாயில் எரிச்சல் தரும். முடித்த செட்டை ஒருநாள் தண்ணீரில் போட்டு வைப்பது அதைக் குறைக்கத்தான். இப்படி வெந்நீரில் இறுக்குவது ஹீட் க்யூர்; வெந்நீர் இல்லாமல் இறுகும் கோல்ட் க்யூரில் மிச்சம் அதிகம். அது பெரும்பாலும் பழுதுபார்க்கவே ஏற்றது.

ஒரே டப்பாவின் பவுடரிலும் நல்ல தகடும் வரும், மோசமான தகடும் வரும். வித்தியாசம் பெரும்பாலும் கொடுத்த நேரத்தில் இருக்கிறது. நண்டும் மீனும் மென்று பழகிய வாய்க்கு அந்த நேரத்தைத் தந்தாக வேண்டும்.

வீட்டுக்கு வந்த செட்டை இரவில் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும். செட் வாங்கும் நாளில் ஒரு கேள்வி: “ஹீட் க்யூர்தானே, அவசரப்படாமல் செய்தீர்களா?” கேட்கக் கூச்சமே வேண்டாம்.