எனாமல் போர்டுகள் சொல்லும் எண்ணெய்க் கதை

மும்பை சோர் பஜாரில் மட்டன் ஸ்ட்ரீட் பக்கம் போயிருக்கும் அங்கத்தினர்கள் பார்த்திருப்பார்கள். பழைய கிராமபோன், சுவர்க் கடிகாரம் இவற்றின் நடுவே பர்மா ஷெல், காஸ்ட்ரால், மொபில்ஆயில் என்று எழுதிய எனாமல் போர்டுகளும் சுவரில் சாய்ந்திருக்கும். எனக்கு நெடுநாளாக இவற்றின் மேல் ஒரு பைத்தியம். "துருப்பிடித்த தகரத்துக்கு இத்தனை பணமா?" என்று ஆத்துக்காரி கேட்காத நாளில்லை. ஆனால் படிக்கத் தெரிந்தால் இந்தத் தகரங்களில் நம் தேசத்து எண்ணெய் வியாபாரத்தின் சரித்திரமே இருக்கிறது.

முதலில் பெயரைப் பார்க்க வேண்டும். பர்மா ஆயிலும் ஷெல்லும் இந்தியாவில் கூட்டாக வியாபாரம் தொடங்கியது 1928-ல். 1976-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. 1977-ல் பாரத் பெட்ரோலியம் என்று பெயர் மாறியது. ஸ்டான்வாக் 1933-ல் பிறந்து 1962-ல் மறைந்தது. அதன் இடத்துக்கு வந்த எஸ்ஸோ 1974-ல் ஹிந்துஸ்தான் பெட்ரோலியமாயிற்று. ஆகவே போர்டில் வருஷம் போடாவிட்டாலும் பெயரே ஏறக்குறைய ஜாதகம் சொல்லிவிடும்.

சின்னமும் பேசும். மொபில்ஆயில், 1866-ல் அமெரிக்காவின் ராசெஸ்டரில் தொடங்கிய வாக்குவம் ஆயில் கம்பெனியின் சரக்கு. ஆரம்பகால போர்டுகளில் நம் கோவில் யாளி மாதிரி ஒரு விசித்திர மிருகம் உட்கார்ந்திருக்கும். 1931-ல் அந்தக் கம்பெனி சோகோனியுடன் இணைந்த பிறகு சிறகு முளைத்த சிவப்புக் குதிரை பிரதானமாயிற்று. இன்றும் எந்த இன்ஜின் ஆயிலையும் 'மொபில்' என்றே சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. காஸ்ட்ரால் கதை இன்னும் ரசமானது. லண்டனில் வேக்ஃபீல்டு என்பவர் 1899-ல் ஆரம்பித்த கம்பெனி, 1909-ல் தன் எண்ணெயில் ஆமணக்கெண்ணெயைக் கலந்து இந்தப் பெயரை வைத்தது. மூக்கைப் பிடித்து நமக்குப் புகட்டினார்களே, அதே விளக்கெண்ணெய்தான்!

இரும்புத் தகட்டில் கண்ணாடித் தூளைப் பூசி, சுமார் 800 டிகிரி சூட்டில் சுட்டு எடுப்பதுதான் எனாமல். ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகச் சூளை ஏற்ற வேண்டும். அதனால்தான் எழுத்தின் ஓரம் நகத்தில் தட்டுப்படுகிறது. வெயிலில் எத்தனை காலம் கிடந்தாலும் நிறம் மங்குவதில்லை.

கம்பெனிகளின் பெயர் மாறியதும் போர்டுகளைக் கழற்றினார்கள். பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போயின. 1990-களில் தென்காசி அருகே ஒரு மாட்டுத் தொழுவத்தின் கூரையில் ஒன்றைக் கண்டேன். சாணியும் பாசியும் அப்பியிருந்ததைத் தேய்க்கத் தேய்க்க, சிவப்புக் குதிரை நேற்று வரைந்ததுபோல் எழுந்து வந்தது. அதற்குப் பதிலாக ஒரு புதுத் தகரம் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்காரருக்கு ஏக சந்தோஷம்.

இப்போது கவலை வேறு. புதிதாகச் செய்து, அமிலம் தெளித்துத் துருவேற்றி விற்கிறார்கள். அசலில் துரு ஆணித் துளைகளிலும் ஓரங்களிலும், கல்லடி பட்டுப் பெயர்ந்த இடங்களிலும்தான் பிடித்திருக்கும். போலியில் எங்கும் ஒரே சீராகத் தூவினாற்போல் இருக்கும். ஒரு கடையில் 'பர்மா ஷெல், 1910' என்று எழுதிய போர்டைக் காட்டினார்கள். கம்பெனி பிறப்பதற்கு 18 வருஷம் முன்பே போர்டு பிறந்துவிட்டது! சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அதை யாரோ வாங்கி, சரித்திரம் என்று மாட்டிவைத்திருப்பார்கள்.

அசல்களோ வெளிநாட்டுக்குப் போகின்றன. 1972-ம் வருஷச் சட்டப்படி 100 வருஷம் ஆனால்தான் இத்தகைய பொருள் தொல்பொருளாகும். பர்மா ஷெல்லின் முதல் போர்டுக்கே 2028-ல்தான் நூறு நிறையும்.

நம் அங்கத்தினர்களில் பலரது தகப்பனாரோ தாத்தாவோ இந்தக் கம்பெனிகளில் உத்யோகம் பார்த்திருக்கக் கூடும். பரணில் ஒரு போர்டோ, எண்ணெய் டின்னோ கிடந்தால் அமிலம் போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈரத்துணியே போதும். எந்த ஊர், எந்த பங்க்கில் இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதிப் பின்னால் ஒட்டி வையுங்கள். கடைக்காரரிடம் கிடைக்காத விஷயம் அது ஒன்றுதான்.