தோட்டமும் தண்டவாளமும்: நெகிரி செம்பிலான் போக்குவரத்து வரலாறு குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே நேரும் வாகன நெரிசலைச் சாலையின் அகலத்தைக் கொண்டே பலரும் விளக்குவர். அந்நெரிசலுக்கு ஒரு வரலாறும் உண்டு. நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வழியே அவ்வரலாற்றைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சரக்குக்கு அமைந்த பாதை

சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த சுங்கை ஊஜோங் இருப்புப்பாதை 1891ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 39 கிலோமீட்டர் நீளமுடைய இப்பாதையைத் தனியார் நிறுவனம் ஒன்று அமைத்தது. 1908இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் இரயில்வே அதனை ஏற்றது. ஈயத்தைத் துறைமுகம் சேர்ப்பதே அதன் முதற்பணி. பின்னர்த் தோட்டங்களின் இரப்பரும் அவ்வழியே சென்றது. 1903இல் சிரம்பான் கோலாலம்பூருடனும் இணைந்தது.

மலாயாவில் தண்டவாளம் பதித்தவர்களுள் தமிழகத் தொழிலாளர் பலர். எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பணியாற்றினர். ஆயினும் பால்மரம் சீவியவரின் வாழ்வு தோட்ட எல்லைக்குள்ளேயே அடங்கியது. லயம், கோயில், பள்ளி, கள்ளுக்கடை யாவும் அவ்வெல்லைக்குள் இருந்தன. ஒப்பந்தக்கூலி முறை 1910இல் முடிவுற்ற பின்னரும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. இரப்பர் பயணம் செய்ய, அதனைத் தந்தவர் இருந்த இடத்திலேயே இருந்தார் எனலாம்.

நெடுஞ்சாலைக் காலம்

1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலும், பின்னர் நீலாய், லாபு வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியமையும் அவ்வாழ்வைக் குலைத்தன. வேலையோடு பிணைந்திருந்த வீடும் வேலையோடே போயிற்று. தோட்டம் நீங்கிய குடும்பங்களுக்கு வீடு ஓரிடம், வேலை வேறிடம் என்றாயிற்று. தொழிற்சாலைப் பேருந்தும் மோட்டார் சைக்கிளும் அவர்களின் அன்றாடத் தேவைகளாயின.

அதே காலத்தில் நாட்டின் போக்குவரத்து தனியார் வாகனத்தை நோக்கித் திரும்பியது. 1985இல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 1995இல் தொடங்கிய கொமுட்டர் மின்தொடர் வண்டி சிரம்பான் பயணிகளுக்கு மாற்றுவழி தந்தது. எனினும் நிலையத்தை அடையவே சொந்த வாகனம் வேண்டுமாயின், அவ்வழி தோட்டப்புறத்தாருக்கு முழுமையாகத் திறந்ததாகாது. போர்ட்டிக்சன் பாதையோ 2008இல் பயன்பாடற்றுப் போயிற்று.

முடிவுரை

2019இல் வெளியான தேசியப் போக்குவரத்துக் கொள்கை 2019–2030, இணைப்பையும் எளிதில் அணுகும் வசதியையும் தன் இலக்குகளுள் அடக்கியுள்ளது. சாலையில் நிற்கும் வாகனங்களை மட்டும் எண்ணும் கொள்கை, பேருந்தின்றி வீட்டிலேயே தங்கிவிடும் முதியவரையும் மாணவரையும் எண்ணத் தவறும். நெரிசலில் அவர்கள் தென்படுவதில்லை. ஆதலின் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. நிலையத்தையும் பழைய தோட்டக் குடியிருப்புகளையும் இணைக்கும் சிற்றுந்துச் சேவை, சாலையை அகலப்படுத்துவதற்கு நிகரான பணியே என்று கருதுகிறோம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதில் உதவ முடியும். தம் மாணவர் எவ்வாறு பள்ளிக்கு வருகின்றனர், அவர்தம் பாட்டன் பாட்டியர் எவ்வழியே பயணம் செய்தனர் என்பதைப் பதிவுசெய்தால், ஆவணக் காப்பகங்களில் காணவியலாத போக்குவரத்து வரலாறு நமக்குக் கிட்டும். அப்பதிவு கொள்கை வகுப்போருக்கும் தக்க சான்றாகும்.