குருந்தமும் துரைமார் கார்களும்

ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று வழங்கும் கனிமத்தின் பெயர் நம்மிடமிருந்து போனது. தமிழில் குருந்தம் என்று சொல்லப்பட்ட கல்தான் அது. அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்து உண்டான இக்கல்லில் சிறிதளவு குரோமியம் கலந்திருந்தால் அது மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்திருந்தால் நீலக்கல். நிறமும் தெளிவும் இல்லாத மட்டமான குருந்தத்தை நம் முன்னோர் வீணாக்கவில்லை. இடித்துத் தூளாக்கி, அரக்கோடு பிசைந்து, சாணை செய்தார்கள். கல்லுக்குப் பட்டை தீட்டக் கல்லின் தூளே உதவியது. வைரத்தைத் தவிர இயற்கையில் கிடைக்கும் வேறெந்தக் கல்லாலும் குருந்தத்தைக் கீற முடியாது.

இன்று கராஜ்களில் 'கட் அன்ட் பொலிஷ்' செய்யப் பயன்படும் பசையிலும் பெரும்பாலும் இருப்பது இதே அலுமினிய ஒட்சைட்டுத் தூள்தான். மின்னுலையில் செயற்கையாகச் செய்யப்படுவது என்பது மட்டுமே வேறுபாடு. இரத்தினபுரியில் நீலக்கல்லை விற்றவர் தம் காரின் மேல் தேய்ப்பிப்பதும் ஒருவகையில் அந்தக் கல்லின் ஏழை உறவினரையே. போதாக்குறைக்கு, கார்ப் பூச்சைக் குறிக்கும் 'லாக்கர்' என்ற சொல்லின் வேரும் நம் பக்கத்து அரக்கைக் குறித்த பழஞ்சொல்லில்தான் இருக்கிறது. ஆகவே சப்ரகமுவத் தோட்டப் புறங்களில் கார்களின் மினுக்கத்துக்கு ஒரு வரலாறு எழுதுவது அப்படியொன்றும் விபரீதமான காரியமல்ல.

இலங்கையில் மோட்டார்ச் சங்கம் தோன்றியது 1904ஆம் ஆண்டில். அக்காலக் கார்களின் உடல் குதிரை வண்டிகளைப் போல மரத்தாலானது. ஆளிவிதை எண்ணெய் கலந்த வார்னிஷைப் பல படைகளாகப் பூசி, ஒவ்வொரு படையையும் காயவைத்து, நுரைக்கல் தூளால் தேய்த்து முடிக்க வாரக் கணக்கில் ஆகும். விளக்குகளும் ரேடியேட்டரும் பித்தளை. ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரிப் பக்கத்தில் பித்தளை ஒரே இரவில் கறுத்துவிடும். கார் வைத்திருந்த துரை, அதைத் துடைக்க ஓர் ஆளையும் வைத்திருந்தே ஆகவேண்டும். அந்த ஆளைப் பற்றி எந்த நாட்குறிப்பிலும் நான் படித்ததில்லை. துரைமார் எழுதிய நினைவு நூல்களில் நாய்களின் பெயர்கள்கூட இருக்கின்றன.

அந்தக் கார்களை ஓடவைத்ததும் இதே மண்ணில் வடிந்த பால்தான். 1876இல் பிரேசிலிலிருந்து விக்கம் கொண்டுவந்த இறப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்த ஆண்டே ஏறத்தாழ 1900 நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. முதலில் அவற்றை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. கார் பெருகியதும் நிலைமை தலைகீழானது. 1910இல் லண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் இறப்பரின் விலை 12 சிலிங்கைத் தாண்டியது. கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டையிலும் தெஹியோவிற்றவிலும் தெரணியகலையிலும், இரத்தினபுரி மாவட்டத்தின் பல பகுதிகளிலும் காடுகள் வெட்டப்பட்டு இறப்பர் நடப்பட்டது. தமிழகத்திலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த குடும்பங்கள் லயன்களில் குடியேறின. காரின் கீழே இறப்பர். காரின் மேலே பூசும் கார்னோபா மெழுகும் பிரேசில் பனையொன்றின் ஓலையில் படிவது. இரண்டும் ஒரே நாட்டுச் சரக்கு என்பது எத்தனை துரைமாருக்குத் தெரிந்திருந்ததோ!

பால் வெட்டும் தொழிலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். காரணம் பின்னால் தெரியும். மரத்தைக் கொத்திக் காயப்படுத்திப் பால் எடுப்பதுதான் பழைய பிரேசில் முறை. ஒரே வெட்டை நாள்தோறும் மெல்லச் சீவிக்கொண்டே போகலாம் என்பதைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ரிட்லி 1890களில் நிறுவினார். ஒருமுறை சீவும்போது கழியும் பட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர். ஆழமாகப் போகாவிட்டால் பால் வராது. மரத்தின் உயிர்ப்படையைத் தொட்டுவிட்டாலோ பட்டை முடிச்சு முடிச்சாக வளரும்; பின்னர் அந்த இடத்தில் கத்தி ஓடாது. உயிர்ப்படைக்கு மேலே சுமார் ஒரு மில்லிமீற்றரை விட்டுவைக்க வேண்டும். விடியற்காலை அரையிருட்டில், அட்டைக் கடிக்கு நடுவே, ஏறத்தாழ 300 மரங்களை ஒருவர் இவ்வாறு சீவி முடிப்பார். அளவுகோல் கிடையாது, மணிக்கட்டுத்தான் அளவுகோல். இத்தனை நுட்பமான கைத்தொழிலைத் தோட்டக் கணக்கில் 'கூலி' என்ற ஒரே சொல்லால் எழுதி முடித்தார்கள்.

இனிப் பூச்சுக்கு வருவோம். 1923இல் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனம் 'டூக்கோ' என்னும் நைட்ரோசெலுலோஸ் லாக்கரை வெளியிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1924ஆம் ஆண்டு ஓக்லன்ட் கார்களை அதனால் நீல நிறத்தில் பூசிக் காட்டியது. வாரக் கணக்கான வேலை நாள் கணக்கில் முடிந்தது. இந்தப் பூச்சுக்கு ஒரு குணமுண்டு. தெளித்தவுடன் அது பளபளக்காது; தேய்த்தால்தான் பளபளக்கும். வெயிலில் மங்கும், மறுபடி தேய்த்தால் மறுபடி பளபளக்கும். தேய்க்குந்தோறும் நிறத்தில் ஒரு மெல்லிய படை துணியோடு போய்விடும்.

1990களின் நடுப்பகுதியில், தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனதைப் பற்றிச் செய்திக் கட்டுரை எழுத எட்டியாந்தோட்டைப் பக்கம் சென்றிருந்தபோது, அறுபதைக் கடந்த ஒரு பெரியவரிடமிருந்து இதையெல்லாம் நேரில் கேட்டேன். சிறு வயதில் அவர் பங்களாவில் எடுபிடி வேலை பார்த்தவர். சின்னத்துரை ஒருவரிடம் சிவப்பு நிற எம்.ஜி. டி.சி. விளையாட்டுக் கார் இருந்ததாம். 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 மட்டுமே செய்யப்பட்ட வகை அது. அதைத் துடைக்கும் பொறுப்பு இவருடையது. முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணைக் கழுவிவிட வேண்டும். மண்ணோடு துணியை வைத்தால் வட்ட வட்டமாகக் கீறல் விழும் என்றார். (சப்ரகமுவ மண்ணில் குவார்ட்ஸ் மணல் அதிகம், எந்தக் கார்ப் பூச்சையும்விடக் கடினமானது.) மாதத்துக்கொருமுறை பொலிஷ் போடும்போது துணி சிவந்துபோகும். அந்தச் சிவப்பைப் பார்த்து எங்கே நிறுத்துவதென்று அறிந்துகொள்வாராம். மூலைகளிலும் விளிம்புகளிலும் பூச்சு மெலிவாயிருக்கும். அங்கே விரலை அழுத்தக்கூடாது, அழுத்தினால் அடிப்பூச்சு தெரிந்துவிடும் என்றார். இதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அப்பா பால் வெட்டுவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என்றார்.

அந்தக் காருக்கு அரசாங்கப் பதிவேட்டில் ஓர் எண் இருந்தது. அதைத் துடைத்தவருக்கு இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருடைய குடும்பத்தையும் அவரைப் போன்ற இலட்சக் கணக்கானோரையும் நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. பெரியவர் இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்களில் ஒருவர். புறப்படுவதற்குள் 1984இல் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பல் நின்றுவிட்டது. இத்தகையோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை என்று பின்னர் அறிந்தேன்.

இனிச் சொல்லப்போவதுதான் என் பார்வையில் முக்கியமானது. கார் மினுக்கும் கலை செல்வச் செழிப்பில் வளர்ந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். இங்கே அது தட்டுப்பாட்டில் வளர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றி, கார் இறக்குமதிக் கதவு சாத்தப்பட்டது. 1970 முதல் 1975 வரை நிதியமைச்சராக இருந்த என்.எம்.பெரேரா எட்டியாந்தோட்டைத் தொகுதியின் உறுப்பினர் என்பது குறிப்பிடத்தக்கது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய்க் காலத்தில் கேகாலைக் கிராமங்களில் மருந்தும் உணவும் கொண்டு அலைந்த மனிதர் அவர். தோட்ட மக்களும் மறக்காத பெயர். உலகெங்கும் ஓடும் கார்களுக்குப் பால் வடித்த தொகுதியின் பிரதிநிதி நிதியமைச்சராயிருந்த ஆண்டுகளில் இந்நாட்டுக்குப் புதுக்கார் வருவது அரிதாயிருந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அரிசிக்கே வரிசையில் நின்ற காலம் அது.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் போனார்கள்; கார்கள் பல இங்கேயே தங்கிவிட்டன. இருபது ஆண்டு பழைய மொரிஸையும் ஒஸ்டினையும் புதிதுபோலக் காட்டக்கூடிய ஆளுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. டிங்கரிங் கராஜ்களில் பேஸ்ட்டும் வாழைக்குச்சு உருளும் சத்தமும் இல்லாத நாளில்லை என்று எழுதினால் மிகையாகும். ஆனால் மங்கிய பூச்சைத் தேய்த்து உயிர்ப்பிப்பது ஒரு தனித்தொழிலாகப் பிரிந்தது அந்த வறண்ட ஆண்டுகளில்தான். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. ஜப்பானிலிருந்து 'ரீகண்டிஷன்' கார்கள் வந்து குவிந்தன. பழைய வித்தை கொஞ்ச காலம் மதிப்பிழந்தது.

சென்ற ஆண்டு இரத்தினபுரிக்கு வெளியே ஒரு சிறிய கொட்டகையில், இரத்தினக்கல் வணிகர் ஒருவருடைய இத்தாலிய விளையாட்டுக் காரை இரண்டு இளைஞர் மூன்று நாளாகத் திருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். 'பெயின்ட் கரெக்‌ஷன்' என்கிறார்கள். 1980கள் முதல் பரவிய முறைப்படி, இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமற்ற கண்ணாடிப் படையொன்று தனியாக உண்டு. அதன் தடிப்பு 40 முதல் 50 மைக்ரோன். தலைமுடியே சுமார் 70 மைக்ரோன். சூரிய ஒளியில் சிலந்தி வலை போலத் தெரியும் கீறல்கள் அந்தப் படையில்தான் இருக்கின்றன. அவற்றை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டத்துக்குச் சுற்றியுள்ள பரப்பைச் சீவி இறக்குகிறார்கள். ஒரு முறைக்கு இரண்டு முதல் ஐந்து மைக்ரோன் வரை கழியும். நிறம் துணியில் ஒட்டி எச்சரிக்கும் வசதி இங்கே இல்லை. ஆகவே கருவியால் அளந்து, ஒவ்வொரு பகுதியின் எண்ணையும் காகித நாடாவில் எழுதி ஒட்டுகிறார்கள். காரின் சில பாகங்கள் கார்பன் இழையாலானவை. சாதாரணக் காந்த அளவுகருவி அங்கே பயன்படாது. மீயொலிக் கருவி வேண்டும். அது விலை அதிகம் என்பதால் அந்தப் பாகங்களைக் கையால் மட்டும் தேய்த்தார்கள். வெட்டிய பட்டை மரத்தில் சில ஆண்டுகளில் மீண்டும் வளரும். இந்தப் படை வளராது.

இளையவரின் தாய் இன்றும் பால் வெட்டுகிறார். மகனின் நாட்சம்பளம் தாயினுடையதைவிட அதிகம். ஆனால் ஊழியர் சேமலாப நிதி கிடையாது, நியமனக் கடிதமும் கிடையாது. பக்கத்திலேயே ஸ்பிரே பெயின்ட் வேலை நடந்தது. இரு கூறுப் பூச்சின் கடினமாக்கியிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்குவது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. இளைஞர்கள் மூக்கில் கட்டியிருந்தது கைக்குட்டை. காருக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏற, மினுக்குபவர்களுக்கு வேலை பெருகியது. தான் தொழில் கற்றதே அந்தத் தடைக் காலத்தில்தான் என்று மூத்தவர் சொன்னார். இப்போது புதுக்கார்கள் வரத் தொடங்கிவிட்டன. வேலை குறையுமா என்று கேட்டதற்கு, புதுக்காரைக் கப்பலிலிருந்து இறக்கிக் கழுவும்போதே யாராவது கீறிவிடுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே விளக்கைச் சரித்துப் பிடித்தார்.